வயிற்றுக் கிருமியும் வாய் கொப்பளிக்கும் மருந்தும்

"அல்சர் கிருமி வாயிலதான் ஒளிஞ்சிருக்கு. தினமும் ரெண்டு வேளை மவுத்வாஷ் போட்டுக் கொப்பளிச்சா வயிறு தன்னால சரியாயிரும்." இந்தப் பேச்சைக் கைபேசிச் செய்திகளிலும் சாயாக்கடை பெஞ்சிலும் மெடிக்கல் ஸ்டோர் வாசலிலும் கேட்க முடிகிறது. சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அல்சர் கிருமியின் சுவடு வாயில் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள், அது உண்மை. மவுத்வாஷ் கிருமிகளைக் கொல்லும், அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்து எடுக்கிற முடிவில்தான் கோளாறு. அந்த முடிவை நம்பி, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டால் கிருமிக்குத்தான் லாபம். ஆகவே இதை அடியிலிருந்தே பார்ப்போம்.

## புண்ணுக்குக் காரணம் காரமா?

குமரி மாவட்டத்தில் வயிறு எரிந்தால் முதல் பழி மீன்கறியின் மேல்தான் விழும். மிளகாய் கூடிப்போச்சு, புளி கூடிப்போச்சு, காலையில் வெறும் வயிற்றில் கட்டன் சாயா குடித்தாய், நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்று பட்டியல் நீளும். உலகம் முழுக்க மருத்துவர்களும் நெடுங்காலம் இப்படித்தான் நினைத்தார்கள்: காரமும் மனக்கவலையும் அமிலத்தைக் கூட்டுகின்றன, அமிலம் இரைப்பையை அரித்துப் புண்ணாக்குகிறது என்று.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் அதை மாற்றினார்கள். வாரன், நோயாளிகளின் இரைப்பைத் திசுவில் வளைந்த வடிவமுள்ள பாக்டீரியாக்களைத் தொடர்ந்து பார்த்துவந்தார். அதை ஆய்வகத்தில் வளர்க்க மார்ஷல் செய்த முயற்சிகள் பலமுறை பலிக்கவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் வெப்பப் பெட்டியிலேயே இருந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் கிருமி அது. முன்பெல்லாம் அவசரப்பட்டுத் தட்டுகளைத் தூக்கிப்போட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் மருத்துவ உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன, வாய் நாற்றத்தை வீட்டில் இருந்தவர்களே கவனித்தார்கள், உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழன்றிருந்தது. 2005-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. சுருக்கமாக ஹெச். பைலோரி என்பார்கள், இனி இங்கே பைலோரி. இது உடலில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் புண் வரலாம். மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரை போகலாம்; உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இலேயே இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எல்லா அல்சரும் பைலோரியால் வருவதில்லை. இன்னொரு பெரிய காரணம் வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை இரைப்பையின் பாதுகாப்பைக் குறைத்துவிடும். குலசேகரம், அருமனைப் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களும், குளச்சல், தேங்காப்பட்டணம் கரையில் வலை இழுப்பவர்களும் இடுப்பு வலி என்று கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது இந்த மாத்திரைகளைத்தான். அந்த மாத்திரையால் மட்டும் வந்த புண்ணுக்கு மவுத்வாஷும் பதில் இல்லை, கிருமி மருந்தும் பதில் இல்லை. மாத்திரையைப் பற்றி முதலில் மருத்துவரிடம் பேசவேண்டும். நம் மாவட்டத்தில் இது போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

இதுவரை பார்த்தது: மீன்கறி எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் புண்ணை உண்டாக்குவதில்லை. புண்ணின் இரு பெரிய காரணங்கள் பைலோரி கிருமியும் வலி மாத்திரைகளும்.

## அமிலத்துக்குள் ஒரு கிருமி எப்படிப் பிழைக்கிறது?

இரைப்பை அமிலம் கடுமையானது. சாப்பாட்டோடு உள்ளே போகும் பெரும்பாலான கிருமிகள் அங்கேயே செத்துவிடும். பைலோரி பிழைப்பதற்குக் காரணம் அது சுரக்கும் யூரியேஸ் என்ற நொதி. நொதி என்பது உடலில் ஒரு வேதி மாற்றத்தை விரைவாக நடத்திவைக்கும் புரதம். இரைப்பையில் இயல்பாகவே கொஞ்சம் யூரியா இருக்கும். யூரியேஸ் அதை உடைத்து அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்குகிறது. அம்மோனியா அமிலத்தை மட்டுப்படுத்தும். இப்படித் தன் உடலைச் சுற்றி மட்டும் அமிலம் குறைந்த ஒரு வட்டத்தை உண்டாக்கிக்கொண்டு கிருமி நகர்கிறது.

நகர்வதற்கு அதற்கு வால் போன்ற இழைகள் உண்டு. உடலும் திருகு வடிவம். இரைப்பையின் உட்சுவரில் வழுவழுப்பான சளிப்படலம் இருக்கிறது. அமிலம் சுவரைத் தின்றுவிடாமல் காப்பது அதுதான். பைலோரி திருகிக்கொண்டு அந்தச் சளிக்குள் இறங்கி, சுவரை ஒட்டிக் குடியேறுகிறது. அங்கே அமிலம் குறைவு. ஆனால் கிருமி இருப்பதாலேயே அந்த இடம் அழன்று, காப்பு பலவீனமாகி, சிலருக்கு அமிலம் சுவரைத் தொடும் நிலை வருகிறது. அதுதான் புண்.

கிருமி குடியிருப்பது இரைப்பைச் சளியின் ஆழத்தில். வாயில் கொப்பளித்துத் துப்புகிற நீர் அந்த இடத்தைத் தொடவே தொடாது. கேள்வியின் பாதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதி இதைவிடச் சுவையானது.

## அப்படியானால் வாய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பைலோரி உடலுக்குள் வரும் வழியே வாய்தான். பெரும்பாலோருக்கு இது குழந்தைப் பருவத்திலேயே, வீட்டுக்குள்ளிருந்தே தொற்றுகிறது. எச்சில் வழியாக, வாந்தி வழியாக, மலக்கழிவு கலந்த தண்ணீர் அல்லது கழுவாத கை வழியாக என மூன்று பாதைகளைச் சொல்கிறார்கள். அவரவர் வீட்டில் எது நடந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

வயிற்றில் இருக்கும் கிருமி மேலேயும் வரலாம். புளிச்ச ஏப்பமும் எதுக்களிப்பும் உள்ளவர்களுக்கு இரைப்பையிலிருப்பது தொண்டைவரை ஏறிவருவது தெரிந்த விஷயம்தானே. எச்சிலிலும், பல்லில் ஒட்டியிருக்கும் படலத்திலும், ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள இடுக்குகளிலும் பைலோரியின் மரபணுச் சுவடுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

மரபணுச் சுவடு என்றால் கிருமியின் டி.என்.ஏ. துணுக்கு. அது கிடைத்தால் கிருமி அங்கே வந்துபோயிருக்கிறது என்று பொருள். உயிரோடு குடியிருக்கிறது என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. வாயிலிருந்து எடுத்த மாதிரியில் பைலோரியை உயிருடன் வளர்த்துக் காட்டுவது அரிதாகவே நடந்திருக்கிறது. அதனால் வாய் அந்தக் கிருமியின் நிரந்தர வீடா, அல்லது வந்துபோகும் திண்ணையா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் முடியவில்லை. "வாயிலதான் ஒளிஞ்சிருக்கு" என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்த வாதத்தை விழுங்கிவிட்டுப் பேசுகிறார்கள்.

## பல்லில் ஒட்டும் படலம்

பல்லைத் துலக்கிச் சில மணி நேரம் கழித்து நாக்கால் தடவிப் பாருங்கள். ஈறை ஒட்டி லேசாகப் பிசுபிசுப்பு தட்டுப்படும். அது வெறும் சாப்பாட்டு மிச்சம் அல்ல. பாக்டீரியாக்கள் கூட்டமாகச் சேர்ந்து, தாமே சுரக்கும் ஒரு பசைக்குள் புதைந்து, பல்லின் மேல் கட்டிக்கொண்ட அடுக்கு. பற்படலம் என்று இதைச் சொல்வோம். நாட்பட்டால் எச்சிலில் உள்ள தாது உப்புகள் அதில் இறங்கி, மஞ்சளாகவோ கறுப்பாகவோ கல்போல் இறுகிவிடும். அதுதான் காரை.

நம் மாவட்டத்தில் குளத்தில் குளித்து வளர்ந்தவர்களுக்குப் படிக்கட்டுப் பாசியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலம் முழுக்கக் குளத்து நீர் படியின் மேல் அலையடித்துக்கொண்டே இருக்கும்; பாசி போகாது. மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும் போகாது. ப்ளீச்சிங் பொடியைத் தூவினால் மேற்பரப்பு வெளுக்கும், அடிப்பாசி அப்படியே இருக்கும், சில நாளில் மறுபடி பச்சை பிடிக்கும். சிரட்டையோ துடைப்பமோ எடுத்துச் சுரண்டித் தேய்த்தால்தான் படி தெரியும். தேய்த்த பிறகு பொடி போட்டால் அதற்கு வேலை உண்டு.

பற்படலமும் மவுத்வாஷும் இப்படித்தான். வாயில் தளர்வாக மிதக்கும் கிருமிகளை மவுத்வாஷ் கொல்லும். படலத்தின் மேல் அடுக்கையும் ஓரளவு தாக்கும். முற்றிய படலத்தின் ஆழத்துக்கு அது இறங்குவதில்லை. பைலோரி ஆக்சிஜன் அதிகமாக இருந்தால் தாங்காது. வாயில் அது தங்குமானால் தங்கக்கூடிய இடம் அந்த ஆழமும் ஈறு இடுக்கும்தான். மவுத்வாஷ் எட்டாத அதே இடம்.

விழுங்கும் கிருமி மருந்துக்கும் இதே சிக்கல் உண்டு. மாத்திரை இரைப்பையில் கரைகிறது, இரத்தத்திலும் கலக்கிறது. ஆனால் இரத்தம் பாயாத பற்படலத்துக்குள் அது போதிய அளவு போய்ச்சேர்வதில்லை. இதிலிருந்துதான் ஒரு நியாயமான சந்தேகம் பிறந்தது: வயிற்றுக் கிருமி மாத்திரையில் செத்த பிறகும் வாயில் மிச்சம் இருந்து, எச்சிலோடு மறுபடி இறங்கிவிடுமா? நாம் ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் விழுங்குகிறோம் என்பதால் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது.

இதைச் சோதிக்க, ஒரு குழுவுக்கு மாத்திரை மட்டும், இன்னொரு குழுவுக்கு மாத்திரையோடு பல் சுத்திகரிப்பும் ஈறு சிகிச்சையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பல ஆய்வுகளில் இரண்டாவது குழுவினரிடம் கிருமி ஒழிந்தவர்கள் கூடுதல், திரும்ப வந்தவர்கள் குறைவு. ஆனால் இவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். செய்த முறையிலும் ஒன்றுக்கொன்று வேறுபாடு அதிகம். நம்பிக்கை தருகிற செய்திதான், தீர்ப்பு அல்ல. அந்த ஆய்வுகளில் எந்தக் குழுவும் மாத்திரையை விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பல் சுத்தம் மாத்திரைக்குத் துணையாக நின்றது. அதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

சுருக்கமாக: கிருமியின் முக்கிய வீடு வயிறு. வாய் ஒரு கூடுதல் தங்குமிடமாக இருக்கலாம். அங்கேயும் அதைக் குறைக்கும் வழி தேய்ப்பதும் சுரண்டுவதும்தான். கொப்பளிப்பது அதற்குப் பின்னால் வருவது.

## மவுத்வாஷ் வாங்கும் முன்

கடையில் கிடைப்பவை எல்லாம் ஒன்றல்ல. வாசனைக்காக மட்டும் விற்கப்படுபவை உண்டு, பல் சொத்தைக்கு ஃபுளோரைடு கலந்தவை உண்டு. ஈறு நோய்க்குப் பல் மருத்துவர்கள் அதிகம் எழுதுவது குளோர்ஹெக்சிடின், பெரும்பாலும் 0.2 சதவீதம். சோதனைக் குழாயில் இது பைலோரியையும் கொல்லும். சோதனைக் குழாயில் பசைப் படலம் கிடையாது, மருந்தும் எச்சிலில் நீர்த்துப்போவதில்லை. விளம்பரத்துக்கும் வாய்க்கும் உள்ள தூரம் அதுதான்.

குளோர்ஹெக்சிடின் நல்ல மருந்துதான், ஆனால் தினசரிப் பழக்கத்துக்கு உரியது அல்ல. வாரக்கணக்கில் போட்டால் பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை பிடிக்கும். கட்டன் சாயா நாளைக்கு நாலு தடவை குடிக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். நாக்கில் ருசி மாறும். பேஸ்ட் போட்டுத் துலக்கிய கையோடு கொப்பளித்தால் பேஸ்டிலுள்ள நுரைப்பொருள் மருந்தின் சக்தியைக் குறைத்துவிடும். அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எத்தனை நாள் என்பதைப் பல் மருத்துவர் சொல்லட்டும்.

எந்த மவுத்வாஷையும் விழுங்கக் கூடாது. "வயித்துக்குள்ள போனாதானே வயித்துக் கிருமி சாகும்" என்று ஒரு மூடி குடித்துவிடுவது ஆபத்து. சிலவற்றில் ஆல்கஹால் இருக்கிறது, வேறு சிலவற்றில் வயிற்றைப் புரட்டும் பொருட்கள் இருக்கின்றன. புண்ணுள்ள இரைப்பைக்கு இது தேவையில்லாத தண்டனை. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பாட்டிலை வையுங்கள்.

உப்புத் தண்ணீரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஈறு வீக்கத்துக்கு இதமாக இருக்கும், கெடுதல் இல்லை. வயிற்றுக் கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்லெண்ணெய் கொப்பளிப்பதற்கும் இதே பதில்தான்.

## வீட்டில் செய்ய வேண்டியது

காலையிலும் இரவு படுக்கும் முன்பும் மென்மையான பிரஷ்ஷால், ஃபுளோரைடு பேஸ்ட் வைத்து, இரண்டு நிமிடம். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷ் படவேண்டும். நம்மில் பலர் முன்பல்லின் நடுவை மட்டும் பளபளக்கத் தேய்த்துவிட்டு விடுகிறோம். இரவுத் துலக்கலைத் தவறவிடாதீர்கள், ஏனென்றால் தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறையும், படலம் வளர அது வசதி. நாக்கையும் மெதுவாக வழியுங்கள். வாய் நாற்றத்தின் பெரும்பங்கு நாக்கின் பின்பகுதியிலிருந்தும் ஈறிலிருந்தும் வருவது, வயிற்றிலிருந்து அல்ல.

உமிக்கரியால் பல் தேய்த்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. பேஸ்ட் கிடைக்காத காலத்தில் படலத்தைத் தேய்த்து எடுத்தது அதுதான். ஆனால் அது சொரசொரப்பானது, வருடக்கணக்கில் தேய்த்தால் பல்லின் மேல்பூச்சு தேய்ந்து கூச்சம் வரும். ஃபுளோரைடும் அதில் கிடையாது.

இறுகிப்போன காரையை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. பல் மருத்துவரிடம் போய் கிளீனிங் செய்யவேண்டும். "கிளீன் பண்ணினா பல் ஆடும்" என்று பயந்து பலர் தள்ளிப்போடுகிறார்கள். நடப்பது வேறு: காரைக்கு அடியில் ஈறும் எலும்பும் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், காரை இருக்கும்வரை அந்தத் தளர்வு தெரியாது. எடுத்ததும் தெரியவருகிறது. எடுக்காமல் விட்டால் தளர்வு கூடிக்கொண்டே போகும். எல்லாப் பல்லும் விழுந்து செட் பல் வைத்திருக்கும் பெரியவர்களும் அதைத் தினமும் கழற்றித் தேய்த்துக் கழுவவேண்டும். அதன் மேலும் இதே படலம் கட்டும்.

குழந்தை இருக்கிற வீட்டில் இன்னொன்று. மரச்சீனிக்கிழங்கையோ சோற்றையோ பாட்டி மென்று ஊட்டுவது அன்பால் நடப்பது. அதோடு எச்சிலும் போகிறது. கையால் நசுக்கிக் கொடுத்தால் போதும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிப்பதும் குழந்தைகளைக் காக்கும் வேலையின் ஒரு பகுதிதான்.

## மாத்திரையும் மறுபரிசோதனையும்

பைலோரி உறுதியானால் வழக்கமான சிகிச்சையில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றும், கிருமி மருந்து இரண்டு வகையும் சேர்ந்திருக்கும். சில சமயம் பிஸ்மத் என்ற மருந்தும் சேரும். பொதுவாக 14 நாள். இந்தியாவில் கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளுக்கு மசியாத பைலோரி அதிகம். அரைகுறையாகச் சாப்பிட்டால் பிழைத்த கிருமி அடுத்த முறை அதே மருந்துக்கு அடங்காது. முன்பு எந்தெந்தக் கிருமி மருந்து சாப்பிட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

இந்த மாத்திரைகள் வாயில் உலோகக் கசப்பைத் தரும். பலர் பாதியில் நிறுத்த இதுவும் ஒரு காரணம். அந்தக் கசப்பைத் தாண்ட மருந்தில்லாத சாதாரண மவுத்வாஷோ உப்புத் தண்ணீரோ கொண்டு கொப்பளிப்பதில் தவறில்லை. மறைமுகமாகவேனும் கொப்பளிப்பது இங்கே வயிற்றுக்கு உதவுகிறது: 14 நாளும் மாத்திரையை விடாமல் சாப்பிட. பிஸ்மத் சாப்பிடும்போது நாக்கும் மலமும் கறுக்கும், மருந்து நின்றதும் சரியாகும். பிஸ்மத் சாப்பிடாமலே மலம் தார்போல் கறுத்தால், அல்லது வாந்தியில் இரத்தம் வந்தால், அது உள்ளே இரத்தம் கசிவதன் அறிகுறி. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ அன்றே, அந்த நேரமே போய்விட வேண்டும்.

வயிறு எரிவது நின்றுவிட்டது என்பதால் கிருமி போய்விட்டது என்று ஆகாது. மாத்திரை முடிந்து நான்கு வாரமாவது கழித்து, அமில மாத்திரையை மருத்துவர் சொல்படி இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மறுபரிசோதனை செய்யவேண்டும். மலப் பரிசோதனை ஒரு வழி, மூச்சுப் பரிசோதனை இன்னொரு வழி. இரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி ஒழிந்த பிறகும், அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் நெடுநாள் இருக்கும்.

மூச்சுப் பரிசோதனையில், அடையாளமிட்ட யூரியாவை, அதாவது பிறகு கருவியால் பிரித்தறியக்கூடிய கார்பன் உள்ள யூரியாவை, குடிக்கவோ விழுங்கவோ கொடுப்பார்கள். வயிற்றில் பைலோரி இருந்தால் அதன் யூரியேஸ் நொதி யூரியாவை உடைக்கும், அடையாளமிட்ட கார்பன் டை ஆக்சைடு மூச்சில் வெளிவரும். ஆனால் நம் வாயில் வாழும் வேறு சில பாக்டீரியாக்களுக்கும் யூரியாவை உடைக்கத் தெரியும். வயிற்றில் எதுவும் இல்லாதபோதும் அவை முதல் சில நிமிடங்களில் முடிவைத் தவறாகக் காட்டிவிடக்கூடும். அதனால்தான் சில இடங்களில் யூரியாவைக் கரைசலாக இல்லாமல் கேப்சூலாகக் கொடுக்கிறார்கள், சில இடங்களில் வாயைக் கொப்பளிக்கச் சொல்கிறார்கள், மூச்சு மாதிரியையும் சற்றுப் பொறுத்தே எடுக்கிறார்கள். காத்திருக்கச் சொன்னால் அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.